என் பெயருக்கு எதிரே ஸ்பின்ஸ்டர்

மில்லுக்குப் போன பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். தரகர் அதை அப்படியே எங்கள் வீட்டில் வந்து சொன்னார். காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த நான், தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

"இவ எங்கங்க மில்லுக்குப் போனா? வத்தலக்குண்டுல எந்தங்கச்சி வீட்டுல இருந்து தையல் படிச்சா" என்றாள் என் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல். பஞ்சு பறப்பதைத் தரகரும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் ஒரு நூற்பாலையைத் தாண்டித்தான் போகவேண்டும். பத்தாவது தேறாத நான் அதில் ஒன்றில் ஐந்து வருஷம் ரிங் ஃபிரேம் என்கிற நூற்கும் மெஷினில் நின்றேன். அறுந்த நூலைப் பிடித்து ஒட்டவைக்கிற வேலை. எனக்கு அதில் வெட்கம் கிடையாது. ஆனால் ஊர் வாய்க்கு மில் பெண் என்றால் வெற்றிலை பாக்கு மாதிரி. ஷிப்ட் முடிந்து யாரோடு வருகிறாளோ, நெஞ்செல்லாம் பஞ்சாமே, பிள்ளை தங்குமா என்று மென்றுகொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாப்பிள்ளைக்குச் செம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கடைசிவரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை ஒளிப்பானேன்? அதனால்தான் நானும் அம்மாவின் பொய்யோடு ஒட்டிக்கொண்டேன். மில்லுக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு ஜாக்கெட் தைக்கக்கூடக் கற்றுக்கொண்டேன். கை ஒன்று நீளம், ஒன்று குட்டை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் பங்குக் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, எழுதவேண்டும். அதன்பிறகு மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் பெயரை வாசிப்பார்கள். ஓலை எழுத ஒரு நாள் காலையில் இரண்டு வீட்டாரும் போனோம். முதலில் பங்குச் சாமியார் முன்னால் செபம், கட்டளை என்று மந்திரம் ஒப்பிக்க வேண்டும். மாப்பிள்ளை பத்துக் கட்டளையில் ஏழாவதில் தடுக்கி விழுந்து ஒன்பதாவதில்தான் எழுந்தார். நான் பத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன், பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதையும் சேர்த்து.

பிறகு பக்கத்து அறையில், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் பாரத்தை நிரப்பினார். ஆங்கிலத்தில் அச்சடித்த பாரம். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். என்னுடைய வேலை என்ன என்று கேட்டபோது "வீட்டுலதான்" என்று என் அம்மா முந்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சாட்சிக்கு வந்த இரண்டு உறவுக்காரர்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கையெழுத்துப் போடப் பாரத்தை என் பக்கம் திருப்பினார் உபதேசியார். என் பெயரைத் தேடினேன். பெயருக்கு எதிரே, யாரும் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் எழுதியிருந்தார். எஸ், பி, ஐ, என். எனக்குத் திக்கென்றது. எனக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் அந்த நான்கு எழுத்தும் ஐந்து வருஷமாக என் முகத்துக்கு நேரே இருந்தவை. மில் வாசல் பலகையில் ஸ்பின்னிங். மெஷினில் அடித்த தகட்டில் ஸ்பிண்டில். இங்கே ஸ்பின்ஸ்டர். மில்லுக்காரி என்று எழுதிவிட்டார். யாரோ கோள்மூட்டி, கோயில் வரைக்கும் செய்தி வந்துவிட்டது.

மாப்பிள்ளை கையெழுத்துப் போடும்போது இதைப் படிக்காமலா இருப்பார்? அவராகப் படித்துக் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. அந்த நேரத்துக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகக்கூடப் பட்டது.

"அத்தை, அஞ்சு வருசம் மில்லுக்குத்தான் போனேன். தையல் படிச்சேன்னு சொன்னது பொய். மன்னிச்சிருங்க."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். ரத்தம் கட்டிப்போனதை மறுநாள்தான் பார்த்தேன். உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இப்ப யாரு ஒன்னையக் கேட்டா?"

"நீங்கதான எழுதிருக்கீங்க. ஸ்பின்னுன்னு."

அவர் பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஸ்பின்ஸ்டர்ம்மா. கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு அர்த்தம். ஓலை எழுத வர்ற எல்லாப் பொண்ணுக்கும் இதத்தான் எழுதுறேன்."

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நூற்கிறதுக்கும் கல்யாணம் ஆகாததுக்கும் ஒரே எழுத்தை வைக்க எவனுக்குத் தோன்றியது? யாரும் காட்டிக்கொடுக்காத விஷயத்தை நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சாட்சிக்கு வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை இப்போதும் என்னால் சொல்லமுடியும். சித்தப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில்தான் பேசினார்.

"எனக்குத் தெரியும் தாயி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, காப்பி எடுத்துக்கங்கன்னு நீ கத்திச் சொன்னதுலயே தெரிஞ்சுபோச்சு. மெஷின் சத்தத்துல நின்ன புள்ளைகதான் அப்படிப் பேசும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா அத்தை..."

"எம்மகனுக்கு ஒன்னையப் பிடிச்சிருந்துச்சு. நீங்க மறைச்சீங்க, நானும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். அப்படியே போயிருக்கும். இப்ப இம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லிப்புட்டியே, நான் என்ன செய்யட்டும்?"

அவர் கண் கலங்கியிருந்தது. என் கையிலிருந்த பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நடந்தார். மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சித்தப்பா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பிறகு வந்த இரண்டு இடங்களும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பின. மூன்றாவது வரவில்லை. நான் திரும்ப மில்லுக்கே போனேன். விட்ட பத்தாவதையும் எழுதித் தேறினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், ஒரே வேரிலிருந்து வரும் ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் சொன்னார்கள் என்று தம்பி மகள் என்னை நூலகத்துக்கு இழுத்துப் போனாள். தலையணை கனத்துக்கு ஓர் அகராதி இருந்தது. என் விரல் தானாக எஸ் பக்கம் போயிற்று. தம்பி மகள் படித்து அர்த்தம் சொன்னாள். ஸ்பின், நூற்பது. ஸ்பிண்டில், நூற்கும் கதிர். ஸ்பைடர், நூற்கிற பூச்சி. எல்லாம் ஒரே குடும்பம். ஸ்பின்ஸ்டருக்கு முதல் அர்த்தமே நூல் நூற்கும் பெண் என்று போட்டிருந்தது. அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாத பெண்கள் நூற்றுப் பிழைத்ததால், போகப்போக அந்தச் சொல் கல்யாணம் ஆகாதவளைக் குறித்ததாம். கடைசியில், வயது கடந்தும் தனியாக இருப்பவளைக் கேலி செய்கிற சொல்லாகிவிட்டதாம்.

அன்றைக்கு நான் தப்பாகவே படிக்கவில்லை. அகராதியை மூடாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் ஊரில் நூற்கிறவள் கல்யாணம் ஆகாதவளாக மாறச் சில நூறு வருஷம் பிடித்திருக்கிறது. எனக்கு, ஓலை எழுதப் போன அந்த ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.