தானிய அறைச் சாவி

களி கிண்டிக்கொண்டிருந்தபோது சம்பங்கி அடுப்படியிலேயே விழுந்தாள். கெலமங்கலத்துப் பக்கம் ராமப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, இதற்கு முன்பும் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். வெயில் மயக்கம் என்று சொல்லி மூடி மறைத்தார்கள். இந்த முறை கை வெந்துபோனதால் மறைக்க வழியில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் காக்காய் வலிப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது, நெருப்புப் பக்கமும் கிணற்றுப் பக்கமும் தனியாகப் போகக் கூடாது, பிள்ளையைத் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ராமப்பன் நல்லவன்தான், ஆனால் பயந்தவன். ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது கூடாது என்று சொன்னவை மட்டும்தான் அவன் நினைவில் இருந்தன. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றதைச் சம்பங்கி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். சீக்குக்காரி பேச்சு எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது? அப்போது நடக்கக்கூடப் பழகாத மகள் காவேரியை மாமியார் நாராயணம்மா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள்தான், பிறகு இறக்கவேயில்லை.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது ஊர் வைத்தியம். தானிய அறையின் சாண் நீளச் சாவியைச் சட்டென்று எடுக்க வசதியாகக் கதவோரம் தாழ மாட்டினார்கள். டாக்டர் சொன்னதை மறந்த வீடு இதை மறக்கவில்லை. மாத்திரையோ ஓயாமல் தூக்கத்தைக் கொண்டுவந்தது. சம்பங்கி சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், யாராவது ஓடிவந்து உள்ளங்கையில் சாவியைத் திணித்து விரல்களை மடக்குவார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை, தூங்கத்தான் செஞ்சேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அதையும் சொல்லாமல் விட்டாள். காவேரி பாட்டியை அம்மா என்று கூப்பிட்டபோதுதான் அவளுக்கு உயிரே விட்டுப்போயிற்று. பிள்ளை ஒரு தரம் தன் மடியில் வந்து உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ராகி அறுத்து வீடு வந்து சேர்ந்தது. அதுவரை மறுபடி வலிப்பு வரவில்லை. ஒரு மத்தியானம் நாராயணம்மா பெருமூச்சு விட்டபடி வந்து நின்றாள்.

"என் இடுப்பு ஒடிஞ்சிபோச்சும்மா. கீழ ஒக்காரு, புள்ளய வுடறேன். எந்திரிச்சிடாத."

சம்பங்கி பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கைகளை நீட்டினாள்.

"வா கண்ணு."

காவேரி அவளைப் பார்த்தாள். திரும்பிக் கதவுப் பக்கம் ஓடினாள். பிள்ளைக்கும் பயம் வந்துவிட்டது என்று சம்பங்கி நினைத்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

காவேரி இரண்டு கையாலும் சாவியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்தாள். அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். பெரியவர்கள் செய்வதைப் போலவே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"புதி" என்றாள். பிடித்துக்கொள் என்கிறாள். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

நாராயணம்மாவுக்கு முகம் கோணியது. "குடு, மாட்டிடறேன்" என்று குனிந்தாள்.

"இருக்கட்டும் அத்தை."

சம்பங்கி அழுதாள். இன்னொரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். சாவியைக் கீழே வைத்தால் பிள்ளை எழுந்து போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.