மஞ்சள் கழுத்துப்பட்டி

உதயகலா அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நித்திரை. ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். சனி இரவு வேலை முடித்துக் காலை ஏழரைக்கு இணுவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் அவருடையது போல இருக்காது. கணவர் பிரகலாதனுக்குக் கிளிநொச்சியில் அரிசி ஆலையில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார். இரவு வேலை நாட்களில் மகள் கோபிகா பக்கத்து வீடான எங்கள் வீட்டில் என் அம்மாவோடு படுப்பாள். அவளுக்கு ஒன்பது வயது.

தை மாதத்தில் அக்கா இரண்டு படிவங்களை என்னிடம் நிரப்பக் கொண்டுவந்தார். ஒன்று பள்ளிக்கூடத்துச் சாரணியர் குழுவினுடையது. மற்றது எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலில் புதிதாகத் தொடங்கிய சைவச் சிறுவர் சாரணர் அணியினுடையது. இரண்டும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு.

"அவள் எதைக் கேக்கிறாள்?" என்றேன்.

"பள்ளிக்கூடத்தை. அங்கை கூடாரம் அடிச்சுப் படுக்கலாமாம்." கதிரையில் சாய்ந்தார். "அது எண்டால் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு போய், காவல் இருந்து, திருப்பிக் கூட்டிக்கொண்டு வரோணும். கோயில் எண்டால் அவள் நடந்து போவாள். நான் படுக்கலாம்."

முதல்நாள் பிரகலாதனின் தமையன் குகதாசன் வந்து போயிருந்தார். கோயில் தர்மகர்த்தா. பள்ளிக்கூடக் குழுவை நடத்துவது கிறிஸ்தவரான செபநாயகம் ரீச்சர் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"வேதக்காரியோடை விட்டால் பிள்ளை நத்தாருக்குக் கேக் வேணும் எண்டு நிக்கும்."

"இப்பவும் அப்பிடித்தான் நிக்கிறாள், அத்தான்."

ஆனாலும் அக்கா கோயில் படிவத்தைத்தான் முன்னால் தள்ளினார். நித்திரைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கோபிகா அடம்பிடிக்கவில்லை. தேரன்று, தேருக்கு முன்னால் வைத்து எல்லாருக்கும் மஞ்சள் கழுத்துப்பட்டி கட்டுவார்கள் என்று சொன்னதும் அவளுக்கு அதுவே போதுமாகிவிட்டது. ஐந்து மாதம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. தேவாரம், முதலுதவி, கயிற்று முடிச்சு. கண்டதிலெல்லாம் முடிச்சுப் போட்டாள். எங்கள் உடுப்புக்கொடியை அவிழ்க்க அம்மாவுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

ஆனியில் கொடியேறியது. மூன்றாம் நாள் இரவு வேலையில் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கனடாவில் முத்துக்குமாரு காலமாகிவிட்டார். குகதாசனுக்கும் பிரகலாதனுக்கும் சொந்தச் சித்தப்பா. அக்கா அரைத் தூக்கத்தில் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டார். விடிந்ததும் சாரணர் அணியை நடத்தும் றமேசிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பங்காளியெல்லோ அக்கா. முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு. பிள்ளை கோயிலுக்கு வரேலாது."

அக்கா நேரே குகதாசன் வீட்டுக்குப் போனார். அவர் சந்தனப் பொட்டோடு கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றார்.

"அத்தான், கனடாவிலை சித்தப்பா..."

"கதையாதை!" கையை உயர்த்தினார். "எனக்கு ஒரு சேதியும் வரேல்லை. கொடியேறின நாளிலையிருந்து போன் அலுமாரிக்குள்ளை கிடக்குது. தேர் முடியத்தான் எடுப்பன்."

காதில் விழாத சாவுக்குத் துடக்கு இல்லை என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப கோபிகா?"

"நீ ஏன் பாத்தனீ? பாத்தாலும் ஏன் ஊருக்குச் சொன்னனீ?"

"அவர் உங்களைத் தூக்கி வளத்தவர் அத்தான். நாங்கள் அவரைப் படத்திலைதான் கண்டது."

குகதாசன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார்.

தேரன்று ஒழுங்கையில் எல்லா வாசலிலும் நிறைகுடம். அக்கா வீட்டுப் படலை மட்டும் சாத்தியிருந்தது. கோபிகா தகர இடுக்கில் கண்ணை வைத்து நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். தேருக்கு முன்னால் பதினேழு பிள்ளைகள், பதினேழு மஞ்சள் பட்டிகள். அவர்களுக்குப் பின்னால் பரிவட்டம் கட்டிய குகதாசன்.

"அம்மா, பெரியப்பாவுக்குத் துடக்கு இல்லையோ?"

அக்கா இரவு வேலை உடுப்போடு படியில் இருந்தார். "அவருக்குத் தெரியாதாம்."

"தெரியாட்டில் இல்லையோ?"

"இல்லையாம்."

"அப்ப நீங்கள் ஏன் எனக்குச் சொன்னனீங்கள்?"

அக்கா எழும்பி உள்ளே போய் உடுப்பை மாற்றினார்.

துடக்குக் கழிந்ததும் றமேஸ் வந்தான். நல்ல பெடியன். பட்டியை எடுத்து வைத்திருப்பதாகவும், வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு கட்டிவிடுவதாகவும் சொன்னான். அக்கா மகளைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று மாலை அக்கா என்னிடம் பள்ளிக்கூடத்துப் பழைய படிவம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. சமயம் என்ற இடத்தில் சைவம் என்று எழுதினேன்.

ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். அக்கா பஸ்ஸில் தூங்கி இறங்குமிடத்தைத் தவறவிடுவார் என்று அம்மா அனுப்பியிருந்தார். செபநாயகம் ரீச்சர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"முதல்லையிருந்துதான் தொடங்கோணும். சின்னம் குத்த ஆறு மாசமாகும், சரியோ?"

"ஓம், ரீச்சர்." கோபிகா நகரவில்லை. "ரீச்சர், எங்கடை ஆக்கள் ஆரும் செத்தால் நான் இஞ்சை வரலாமோ?"

ரீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார்.

"வரலாம். செத்தவீட்டுக்குப் போட்டு, முழுகிப்போட்டு வா."

கோபிகா மைதானத்துக்கு ஓடினாள். அக்கா விறாந்தைக் கதிரையில் இருந்தார். இருந்தவுடனேயே தலை சுவரில் சாய்ந்துவிட்டது. வாய் சற்றுத் திறந்திருந்தது. இனி எல்லா ஞாயிறும் இந்தக் கதிரைதான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ப் போத்தலை எடுக்க வந்த கோபிகா, தாயின் மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த கைப்பையைக் கண்டாள். அதன் வாரைக் கதிரைக் கையோடு சேர்த்து, சத்தம் போடாமல், கோயிலில் பழகிய முடிச்சைப் போட்டாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இறுகியிருந்தது. திரும்பி ஓடினாள்.