சுவருக்கு அந்தப் பக்கம் ஆராதனை

எங்கள் மகளின் கல்யாணத்துக்கு லண்டன் கிங்ஸ்பரியில் கிடைத்த மண்டபம் ஒரு தேவாலயத்தை ஒட்டியிருந்தது. நடுவில் ஒரே சுவர். அது தொண்ணூறுகளின் தொடக்கம், மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. பத்திலிருந்து பதினொன்று வரை ஆராதனை நடக்கும், அப்போது மேளம் கூடாது என்பது பாதிரியாரின் நிபந்தனை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. ஒன்பதரைக்குத் தாலி கட்டினால் அரை மணி கையில் இருக்கும். பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. கெட்டிமேளம் குறையாம இருக்கணும்" என்றாள் மனைவி.

தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது; அதற்காகத்தான் நாகஸ்வரமும் தவிலும் அப்படி முழங்குகின்றன. எங்கள் மூத்த மகனுக்குப் பதிவு அலுவலகத்தில் மேளமில்லாமல் நடந்த கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்துபோனது. காரணம் மேளமல்ல என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணம், லண்டனிலேயே மிச்சம் என்ற பகுதியில் இருந்தார்கள். நான் தஞ்சாவூர். பேச்சு வார்த்தைக்கு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் எங்கள் ஊர்ச் சங்கீதத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருந்தேன். பெரிய கோயில் கல்வெட்டில் நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்களுக்குக் கொடுத்த வீடுகள், நட்டுவாங்கத்துக்கு இத்தனை பேர், பாட்டுக்கு இத்தனை பேர். பிறகு மராட்டிய ராஜாக்கள், அரண்மனையில் இங்கிலீஷ் பேண்ட், நம் பாட்டுக்கு வளைந்துகொடுத்த வயலின்.

அவர் தேநீரை உறிஞ்சியபடி கேட்டார்: "எல்லாம் சரி அண்ணை. அந்தச் சுவரில எங்கட தவில்காரற்ர பேரும் இருக்கோ?"

"அது ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு."

"அப்ப இனி எழுதச் சொல்லுங்கோ. தவில் எண்டால் யாழ்ப்பாணம்தான்."

கோயில் திருவிழாக்களுக்கு எங்கள் பக்கத்து மேளக்காரர்கள் மாதக்கணக்கில் யாழ்ப்பாணத்தில் தங்கி வாசித்ததையும், அங்கிருந்து பிள்ளைகள் எங்கள் பக்கம் கற்க வந்ததையும் சொன்னேன். "ஓம், வாங்கினதை வட்டியோட திருப்பித் தந்திட்டம்" என்று சிரித்தார்.

அந்த ஞாயிறுதான் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் நாள். வீட்டிலிருந்த ஐந்து கடிகாரங்களையும் சனிக்கிழமையே திருத்திவிட்டேன். மேளக்காரர்களும் ஐயரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை பஸ்ஸை மட்டும் காணோம். வாசலுக்கும் மணவறைக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்தது. ஒன்பது ஐம்பதுக்கு பஸ் வந்தது. மாமன் முதலில் இறங்கினார்.

"பாத்தியளே அண்ணை! சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முந்தி!"

"மணி பத்தாகப் போகுதுங்க."

"உங்கட மணிக்கூட்டுக்கு விசர் பிடிச்சிட்டுது."

மணப்பெண் கோலத்தில் நின்ற மகள்தான் சொன்னாள்: "அங்கிள், இன்னைக்கு டைம் மாறுது." அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

மற்றச் சடங்குகளை எவ்வளவு சுருக்கியும் தாலிக்கு வரும்போது பத்து இருபதாகிவிட்டது. பத்தரை தாண்டினால் முகூர்த்தம் இல்லை என்றார் ஐயர். தவில்காரர் விரல் கூடுகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கெட்டிமேளத்தை மெல்ல வாசிக்க ஏலாது ஐயா. அப்பிடி ஒண்டு இல்லை. வாசிக்கவோ, விடவோ?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிரியாருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். "வேண்டாம்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்கன் ஒலித்தது. சபை முழுக்க எழுந்து பாடியது. மாமன் என் காதருகே குனிந்தார். "அண்ணை, உங்கட அரண்மனை பாண்ட் வந்திட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழக்கதோஷத்தில் கை தொடையில் தாளம் போட்டது. நாலு நாலு அட்சரமாய்ப் போன பாட்டு. முதல் முடிச்சு. இரண்டாவது முடிச்சு. பாட்டு நின்றுவிட்டது.

மண்டபத்தில் அப்படி ஒரு நிசப்தம். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அந்தச் சிணுங்கல் அழுகையாவதற்குள் என் பக்கத்திலிருந்து ஒரு குலவை கிளம்பியது. என் மனைவி கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, ஒரே மூச்சில் போட்ட குலவை. காவிரிக் கரையில் நடவு வயல்களில் பெண்கள் போடுவது. இத்தனை வருஷத்தில் அவள் குலவை போட்டு நான் கேட்டதே இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். மூன்றாவது முடிச்சு விழுந்தது.

மறுநாள் சாவியைக் கொடுக்கப் போனேன். மேளம் அடிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தெரியும் என்றார் பாதிரியார். ஜெபத்தின் நடுவில் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது என்ன வாத்தியம் என்று கேட்டார். என் மனைவியின் குரல் என்றேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று சபையில் சிலர் பயந்துபோனார்களாம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் தருவது கஷ்டம் என்று மரியாதையாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது, நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தஞ்சாவூர்ச் சங்கீதத்தில் அந்தக் குலவையை ஒருநாளும் சேர்க்கவில்லை என்பதுதான் உறுத்திக்கொண்டே வந்தது.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "ஏங்க, அது கெட்டிமேளக் கணக்குல சேருமா?"

"சேரும்" என்றேன்.

இது நடந்து எட்டு வருஷமாகிறது. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும், வழக்கமில்லாத நேரத்தில் போன் அடித்தால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். பிறகுதான் யாராவது எழுந்துபோய் எடுக்கிறோம்.