தன்னைப் பார்த்துத் தானே வளர்ந்த விரிப்பு

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு கைத்தறி நிலையத்தில் நெய்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பன்னிரண்டு பெண்கள் இருந்த அந்தக் கொட்டகையில் ஓம், இல்லை என்பதைத் தவிர நான் வேறு கதைத்ததாக நினைவில்லை.

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணியை ரீச்சர் என்போம். ஒருமுறை அவர், ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி ஒரு படுக்கை விரிப்பு நெய்யலாம் என்றார். நன்றாக வந்தால் தொடர்ந்து நிறத்துணி நெய்யலாம். பிழையாக வந்தால் நூல் சுற்றும் மூலைக்குப் போக வேண்டும்.

அந்த வாரம்தான், பக்கத்து ஊரான திருநெல்வேலியில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்த பல்கலைக்கழகத்துப் பிள்ளை கொப்பியில் ஒன்றும் இரண்டுமாக நீளத்துக்கு எழுதியதைப் பார்த்தேன். "அடுத்தது என்ன எண்டு இந்த வரிசையே சொல்லும் அக்கா. ஒரே மாதிரிக் கிடக்கும், ஆனால் ஒரே மாதிரி இல்லை" என்றாள். எனக்கு அது எண்களாக ஏறவில்லை. மறுநாள் சைக்கிளில் போகும்போதுதான் பளிச்சென்றது. இதை நெய்யலாம்!

சிவப்பு என்றால் ஒன்று, நீலம் என்றால் இரண்டு. பட்டைகள் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வரும். முதலில் ஒரு விரல் அகலத்தில் சிவப்பு, பிறகு இரண்டு விரல் நீலம். மூன்றாவது பட்டை எவ்வளவு? தொடக்கத்திலிருந்து மூன்றாவது விரலைப் பார்க்க வேண்டும். அது நீலம், ஆகவே இரண்டு விரல். நான்காவது பட்டைக்கு நான்காவது விரல். அது சிவப்பு, ஆகவே ஒன்று. மாதிரி கீறிய தாளே வேண்டாம்!

ஒரு முழம் நெய்த பிறகுதான் என் மடத்தனம் விளங்கியது. நெய்த துணி உருளையில் சுற்றிக்கொண்டு போகும். நான் பார்க்க வேண்டிய விரல் உள்ளே போய்விட்டது. ஒரு கயிற்றில், நெய்யும் ஒவ்வொரு விரலுக்கும், சிவப்புக்கு ஒற்றை முடிச்சும் நீலத்துக்கு இரட்டை முடிச்சும் போட்டுத் தறியில் தொங்கவிட்டு, அதைப் பார்த்து நெய்தேன். சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை.

மூன்றாம் நாள் ரீச்சர் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை இது? ஒண்டோடை ஒண்டு சேரேல்லையே."

பக்கத்துத் தறி அக்கா விடவில்லை. "அவவுக்கு ரெண்டுக்கு மேலை எண்ணத் தெரியாது ரீச்சர்!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது.

"எல்லாத்தையும் அவிழ். நூல் கிடைக்கிற காலமே இது?"

"பிழையில்லை ரீச்சர்." அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "உருளையைத் தளர்த்துங்கோ, காட்டுறன்."

துணியை விரித்தோம். திக்கித் திக்கிச் சொன்னேன். ரீச்சர் ஒரு கையால் விரல் விரலாகவும் மற்றக் கையால் பட்டை பட்டையாகவும் தொட்டுக்கொண்டு போனார். சுற்றி நின்றவர்களும் தொடங்கிவிட்டார்கள்.

"நீலம்!"

"அப்ப ரெண்டு!"

"சிவப்பு!"

"ஒண்டு! ஓம், ஒண்டுதான்!"

"நில்லுங்கோ" என்றார் ரீச்சர். "இங்கை ஒண்டெல்லோ வரவேணும்? நீ ரெண்டு போட்டிருக்கிறாய்."

குனிந்து எண்ணினேன். உண்மைதான். கயிற்றில் ஒரு முடிச்சைப் பிழையாகப் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இடம் மாறிவிட்டது. ஏறக்குறைய ஒரு சாண்.

அழ வேண்டிய நேரம். எனக்கோ துள்ள வேண்டும்போல் இருந்தது. பிழை இது என்று கண்டுபிடிக்க முடிகிறதென்றால், சரி எது என்று ரீச்சருக்கு விளங்கிவிட்டதே!

அந்த ஒரு சாணை மட்டும் அவிழ்த்தேன். பக்கத்துத் தறி அக்கா தன் வேலையை விட்டுவிட்டு வந்தார். "கயித்தை என்னட்டைத் தா. முடிச்சை நான் பாக்கிறன், நீ நெய்."

ரீச்சர் இன்னும் போகவில்லை. "உது எங்கை போய் முடியும், பிள்ளை?"

"முடியாது ரீச்சர்."

"தறியிலை நீளத்துக்குக் கட்டின பாவு நூல் முடியுமெல்லோ? அதோடை நிப்பாட்டு. அடுத்த பாவுக்கு என்ன நிறம் வேணும் எண்டு நாளைக்கு வந்து சொல்லு."