இடம் பார்த்த கண்

பக்கத்து அறையில் கத்தரிக்கோல் அட்டையை நறுக்கும் சத்தம். கறுக், கறுக். ஒவ்வொரு சத்தத்துக்கும் வெல்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நாளை மறுநாள் முழுச் சூரிய கிரகணம். பட்டறையிலிருந்து அவரே கொண்டுவந்த கறுப்புக் கண்ணாடித் துண்டுகளை அட்டையில் ஒட்டி, வீட்டில் எல்லோருக்கும் கண்ணாடி செய்துகொண்டிருந்தாள் மகள்.

எதிரே மச்சினன். வேன் ஓட்டுபவன். கிரகணம் பார்க்க வண்டியைப் பாலத்துக்கு விடுவதா, மைதானத்துக்கு விடுவதா என்று கேட்க வந்திருந்தான்.

இடம் பார்க்கும் பொறுப்பை வெல்டர்தான் மார்தட்டி ஏற்றிருந்தார். நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவனுக்குச் சூரியன் எந்த மூலைக்கு என்று பட்டறையில் சிரித்தவர் அவர். கிரகணம் பிடிக்கப்போகும் அதே நேரத்துக்குத் தினமும் ஓர் இடத்துக்குப் போவார். மரமோ கட்டடமோ மறைக்கிறதா என்று வெல்டிங் முகமூடியின் அதே கறுப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனையே நின்று நிதானமாகப் பார்ப்பார். வெல்டிங் வெளிச்சத்துக்குத் தாக்குப்பிடிக்கும் கண்ணாடி வெயிலுக்குத் தாங்காதா என்ன?

தாங்கவில்லை. முந்தாநாளிலிருந்து எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கரும்புள்ளி. சோற்றுத் தட்டில், பற்றவைத்த கம்பியில், பெற்ற மகளின் முகத்தில். தண்ணீர் அடித்துக் கழுவினார். தூங்கி எழுந்தும் பார்த்தார். அது அசையவில்லை. பயந்துபோய் வாயைத் திறக்கவே இல்லை.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? சூரியன் வரமாட்டேன்னு சொல்லிடுச்சா?" என்றான் மச்சினன்.

அதற்குள் மகள் அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நேரே ஜன்னலுக்குப் போய், வெயிலைப் பார்த்துத் தலையைத் தூக்கினாள்.

வெல்டர் பாய்ந்தார். நாற்காலி உருண்டது. அவள் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். விக்கித்து நின்ற மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அது வழியாப் பாக்காதே கண்ணு. அப்பா பாத்துட்டேன். உன் முகம் இருக்கிற இடத்துல இப்ப ஓட்டைதான் தெரியுது."

மச்சினன் பக்கத்து அறைக்குப் போய், ஒரு துண்டு விடாமல் எல்லாக் கண்ணாடியையும் பையில் அள்ளிக்கொண்டு வந்தான்.

"இடம் முடிவாயிடுச்சு மாமா," என்றான், பையை முடிந்தபடி. "வேன் கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போகுது. போய் எடுத்துட்டு வர்றேன், கிளம்பி இருங்க."

வாசலில் நின்று ஒருமுறை திரும்பினான். அவன் அழுகிறானா, தைரியம் சொல்லிச் சிரிக்கிறானா? வெல்டர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். சட்டைக் காலர் தெரிந்தது, காதுகள் தெரிந்தன. நடுவில் கறுப்பு.

கதவு சாத்திக்கொண்டது.