வீட்டுல கேட்டுப் பாருங்க

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. சிரித்துச் சிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் இன்னும் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். இந்தக் குணம் தொண்ணூறுகளின் கடைசியில், அம்மா பேர் வெட்டிக்கொண்ட வருடத்தில் எனக்கு வந்தது.

பேர் வெட்டுவது என்றால் தோட்டத்து வேலையிலிருந்து நின்றுவிடுவது. அப்படி நின்றால்தான், இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்த ஈ.பி.எஃப் சேமிப்புக் காசும் தோட்டம் கட்டியிருக்கவேண்டிய பங்கும் மொத்தமாகக் கைக்கு வரும். அம்மா அதை நம்பித்தான் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். ஹாலிஎல பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கவேண்டும், தோட்டத்து லய வீட்டை விட்டுப் போய்விடவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

காசு வரவில்லை. ஆபீசுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தது. கிளாக்கர் ஐயா முதலில் "கொழும்புல இருந்து வரணும்" என்றார். பிறகு "வருது, வருது" என்றார். ஒருநாள் அம்மா விடாப்பிடியாக நின்றபோது குரலைத் தாழ்த்தி, "ஒங்க சம்பளமெல்லாம் வீட்டுக்காரர்தானே வாங்குவாரு? எதுக்கும் வீட்டுல கேட்டுப் பாருங்க" என்றார்.

எங்கள் லயத்தில் அதுதான் வழக்கம். மலையேறிக் கொழுந்து பறிப்பது பொம்பளை, சம்பள நாளில் கை நீட்டுவது ஆம்பளை. அதில் யாருக்கும் வெட்கமில்லை. அம்மா வீட்டில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அதற்குப் பதில் அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தார்.

அந்த வருடம்தான் அப்பா அப்புத்தளையில் தன் தங்கை மகளின் கல்யாணத்துக்குத் தோடு போட்டிருந்தார். சீட்டுக் காசு என்றார். எந்தச் சீட்டு, யார் பிடித்த சீட்டு என்று அம்மா என்னிடம் குசுகுசுத்தார். அப்பா வெளியே போனதும் அவருடைய றங்குப் பெட்டியைக் கிளறினார். தேத்தண்ணியைக் கையில் கொடுப்பதை நிறுத்தி, அடுப்படித் திட்டில் வைத்துவிட்டுப் போனார். பெட்டியில் வேட்டி மடிப்பு கலைந்திருந்ததை அப்பா பார்த்துக்கொண்டே நின்றது எனக்குத் தெரியும்.

கடைசியில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பதுளை லேபர் ஆபீசுக்குப் போனார். நான் டவுனில் புடவைக் கடையில் வேலை செய்ததால் ஆபீஸ் பாஷை எனக்குத் தெரியும் என்று அவருக்கு நினைப்பு. அப்பாவிடம் பல்வலி, ஆஸ்பத்திரி என்று பொய்.

உள்ளே போனால், வாங்குப் பலகையில் அம்மாவோடு கொழுந்தெடுத்த மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வந்தவள். இன்னொருத்தி மகளைப் பார்க்கவென்று. எல்லோரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, "ஒன்னையும் வீட்டுல கேக்கச் சொன்னாரா?" என்றாள். அவளுக்கு மகன் மேல் சந்தேகம். மற்ற இருவருக்கும் புருஷன் மேல்.

அங்கிருந்த ஆபீசர் யாழ்ப்பாணத்துக்காரர். பதிவுகளைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தரும் எடுக்கேல்லை அம்மா. எடுக்கிறதுக்கு அங்க காசு இருந்தால்தானே? உங்கட சம்பளத்தில பிடிச்ச காசைக்கூடத் தோட்டம் கன வருஷமாக் கட்டேல்லை."

போன திருவிழாவில் தோட்டத்தை நடத்தும் துரை கோயிலுக்குப் பெயின்ட் வாங்கிக் கொடுத்தாரென்று, தோட்டமே கூடி அவருக்கு மாலை போட்டது. மாலையை எடுத்துக் கொடுத்தவர் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நீங்க எடுக்கலையாம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"லேபர் ஆபீசர்."

"இத்தன வருசம் கூட இருந்தவ நீ. அத ஆபீசர் வந்து சொல்லணுமா?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றன்றே கையில் கொடுக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனார். அப்பாவும் கூடப் போய்ச் சாக்கைச் சுமந்தார். காசு கொடுக்கும் நேரம் வந்தால் மட்டும் நாலு பேர் பார்க்கும்படி தூரப் போய் நின்றுகொள்வார்.

லேபர் ஆபீஸ் தோட்டத்தின் மேல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு காசில் ஒரு பகுதி வந்தது. காணிக்குப் போதாது. அம்மா அதைக் கொண்டுவந்து, பழைய வழக்கப்படி அப்பாவிடம் நீட்டினார். அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே வச்சுக்க. கொறஞ்சா என்னையத்தான் கேப்ப."