நீலம் வெளுத்த சந்து

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மழையில் மந்தைவெளியே முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு பிற்பகல். எனக்கு நிறைமாதம். வீட்டில் தனியாக இருந்தபோது வலி எடுத்துவிட்டது. கணவர் வெளியூரில். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். தெருமுனையில் நின்ற ஒரே ஆட்டோக்காரர், முன்பின் தெரியாதவர், "ஏறும்மா, மயிலாப்பூர் ஆஸ்பத்திரி தானே? நான் கீறேன்ல," என்று கைத்தாங்கலாக ஏற்றினார்.

டிஜிட்டல் வரைபடங்களுக்கு ஸ்டைல்ஷீட் எழுதுவது என் பிழைப்பு. எந்தத் தெருவுக்கு என்ன நிறம், எவ்வளவு தடிமன் என்று வரிவரியாக எழுதிவைத்தால், வரைபடம் அப்படியே உடை மாற்றிக்கொள்ளும். அந்த வாரம் தெருக்களின் மேடு பள்ளத்தை நீலத்தில் காட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்துக்கு அடர்நீலம், மேட்டுக்கு வெளிர்நீலம். ஆஸ்பத்திரிப் பையோடு லேப்டாப்பையும் ஏன் தூக்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். என் புத்தி அப்படி.

கொஞ்ச தூரத்தில் ஆட்டோ நின்றது. எதிரே ரோடே தெரியவில்லை. "இதுக்கு மேல போனா இஞ்சின்ல தண்ணி பூந்துடும்மா. எந்தாண்ட மேடுன்னும் தெர்ல," என்றார்.

மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். சுற்றியிருந்த எல்லாத் தெருவும் ஒரே நீலம்! ஊர் முழுவதற்குமாக வைத்த அளவு அது; பக்கத்துப் பக்கத்துத் தெருக்களின் ஓரடி வித்தியாசம் அதில் எங்கே தெரியப்போகிறது? அழுகையே வந்துவிட்டது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் ஸ்டைல்ஷீட்டில் அந்த அளவைச் சொல்லும் வரியைத் திருத்தி, நீலத்தைப் பல படிகளாகப் பிரித்தேன். திரை மெல்ல நிறம் மாறியது. அடர்நீலத்துக்கு நடுவே ஒரே ஒரு சந்து மட்டும் விடியற்கால வானம் மாதிரி வெளுத்து வந்தது.

"அண்ணா, லெப்ட்ல ஒரு சந்து!"

"அதுலயா? கண்ணாடி ரெண்டும் செவுத்துல இடிக்குமே..." என்றவர், என் முகத்தைப் பார்த்தார். "இடிச்சா இடிக்கட்டும், போலாம்மா!"

அதற்குப் பிறகு பாதிக் கனவுதான். மழைக்குள் நனைந்த செம்பருத்தி, எங்கோ கோயில் மணி, சுவரில் கண்ணாடி உரசும் சத்தம். சக்கரத்தடியில் தண்ணீர் வடிந்து வடிந்து, தார் தெரிந்தது. நான் வரைந்த படத்துக்குள்ளேயே நான் மிதந்து போவதுபோல இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் பிறந்தாள். ஆட்டோக்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார். என் லேப்டாப்பைத் தன் துண்டில் சுற்றி நர்ஸிடம் கொடுத்திருந்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

இன்றைக்கும் ஒரு தெருவுக்கு நிறம் வைக்கும்போது, அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க முடிவதில்லை. யாரோ ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தெருவில் வந்துகொண்டிருக்கிறாள் என்றே தோன்றுகிறது.